என்ஜினில் படியும் கரி

கேள்வி: என்னிடம் இருப்பது பன்னிரண்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் உள்ள கடைக்குப் போய் வருவதே அதன் அன்றாட வேலை. சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறுகிறது. நிறுத்தத்தில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. என்ஜினில் கரி பிடித்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். இதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? ஓடும் என்ஜினில் சிறிது தண்ணீர் விட்டால் கரி கழன்றுவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறாரே, அது சரியா?

— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஈர விறகை வைத்து ஊதிய அடுப்பில் பாத்திரத்தின் அடி எப்படிக் கறுத்துப் போகிறதோ, அப்படியேதான் பெட்ரோல் பூரணமாக எரியாத என்ஜினின் உள்ளேயும் கரி படிகிறது. ஒரு பங்கு பெட்ரோல் செம்மையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஆனால் என்ஜின் குளிர்ந்திருக்கும் வேளையில் பெட்ரோல் சரிவர ஆவியாவதில்லை என்பதால், வண்டியே அதை அதிகமாகச் செலுத்துகிறது. உங்கள் வண்டியோ நன்கு சூடேறுவதற்குள் கடை வாசலில் நின்றுவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உஷ்ணம் அடைந்தால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்த நிலையை அது எட்டுவதற்கே நீங்கள் அவகாசம் அளிப்பதில்லை.

வீட்டில் செய்யத்தக்க காரியங்கள் மூன்று உண்டு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள்.

அடுத்தது த்ராட்டில் பாடி. பாட்டரியின் இணைப்பை நீக்கி, காற்றுக் குழாயைக் கழற்றினால், வட்டமான உலோகத் தகடு ஒன்று தென்படும். அதன் விளிம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகப் படிந்திருக்கும் வளையமே பெரும்பாலும் வண்டி உதறுவதற்கும் நின்றுவிடுவதற்கும் காரணம். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து மெல்லத் துடைத்தெடுங்கள். மின்சாரத்தால் இயங்கும் தகடாயின் அதை விரலால் அழுத்தித் திறக்க வேண்டாம். காற்றை அளக்கும் சென்சாரின் மேல் அந்தத் திரவம் படவும் கூடாது. திறந்த வெளியில், அருகில் நெருப்பின்றி, என்ஜின் ஆறிய பிறகே இவ்வேலையைச் செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது ஸ்பார்க் பிளக்கு. அதையும் என்ஜின் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். இல்லையேல் அலுமினிய ஹெட்டிலுள்ள மரை கெட்டுவிடக் கூடும். முனை இளம் பழுப்பாக இருந்தால் கவலை இல்லை. உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமாகப் பளபளத்தால் என்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது என்பது பொருள். கடைசியாகச் சொன்னதற்கு வீட்டில் பரிகாரம் கிடையாது.

டாங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்களில் பாலிஈதர் அமைன் என்னும் பொருள் உள்ளவை இன்ஜெக்டரிலும் உள்வால்வுகளிலும் படிந்த கரியைச் சிறிது சிறிதாகக் கரைக்க வல்லவை. ஆயின், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பாய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் அது உள்வால்வுகளின் மேல் படுவதே இல்லை. அவற்றின் கரியை ஒர்க்‌ஷாப்பில்தான் நீக்க வேண்டும்.

தண்ணீர் விடும் யோசனையை அறவே கைவிடுங்கள். காற்றைப் போலத் தண்ணீர் அழுத்தத்திற்குச் சுருங்காது. அளவு சற்று மிஞ்சிச் சிலிண்டரில் தேங்கினால், மேலேறி வரும் பிஸ்டன் அதன்மேல் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய் என்ஜினையே இழக்க நேரிடும்.

இவ்வளவும் செய்த பின்பும் வண்டி நாள்தோறும் மூன்று கிலோமீட்டரே ஓடுமானால் கரி மீண்டும் சேரத்தான் செய்யும். ஆகையால் அருகில் உள்ள கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ போய் வாருங்கள். வாரத்திற்கு ஒரு முறையேனும் தஞ்சாவூர் வரையுள்ள 40 கிலோமீட்டரை நிதானமான வேகத்தில், நிறுத்தாமல் ஓட்டி வாருங்கள். ஒரு மாதம் இவ்வாறு செய்தும் உதறல் நீங்காவிட்டால், கம்ப்ரெஷனைச் சோதித்துப் பார்க்குமாறு உங்கள் மெக்கானிக்கிடம் தவறாமல் சொல்லுங்கள்.