ஒரே என்ஜின், இரண்டு வண்டிகள்

'சலூன்' என்றால் தமிழ்நாட்டில் முடிதிருத்தும் நிலையம். என்னைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கோ, உயரதிகாரிகள் பயணம் செய்யும் தனிப்பெட்டி. மோட்டார் உலகில் அதற்கு மூன்றாவது பொருள் உண்டு. கூரை மூடிய, நான்கு கதவுகளும் பின்னால் தனி டிக்கியும் உள்ள காருக்குச் சலூன் என்று பெயர். நாம் 'செடான்' என்கிறோமே, அதுதான். ஆற்றல் மிக்க என்ஜினைப் பொருத்தி, வேகத்துக்கென்றே செய்தால் அது ஸ்போர்ட்ஸ் சலூன். உயரமான உடலும் தரையிலிருந்து கூடுதல் இடைவெளியும் கொண்டது எஸ்.யூ.வி.

கார் வாங்கப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். குதிரைத்திறன் சமமாக இருந்துவிட்டால் இரண்டு வண்டிகளும் ஒன்றுபோலப் பாயுமா? இதைச் சோதிக்க நல்ல ஜோடி ஒன்று உண்டு. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2018-இல் வெளியிட்ட எம்5 காம்பெடிஷன் ஒரு ஸ்போர்ட்ஸ் சலூன். அடுத்த ஆண்டு அறிவித்த எக்ஸ்5 எம் காம்பெடிஷன் ஒரு எஸ்.யூ.வி. இரண்டிலும் 4.4 லிட்டர், எட்டு சிலிண்டர் டர்போ என்ஜின், 625 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எட்டு கியர், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. ஓட்டுநரையும் சேர்த்து எடை மட்டும் வேறு. சலூன் 1,940 கிலோ, எஸ்.யூ.வி. 2,385 கிலோ. அதாவது 23 சதவீதம் கூடுதல்.

நிறுவனம் தந்துள்ள கணக்கு இது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டச் சலூனுக்கு 3.3 வினாடி, எஸ்.யூ.வி.க்கு 3.8 வினாடி. 200-ஐ எட்ட முறையே 10.8 வினாடி, 13.4 வினாடி. (200 என்பது சோதனைத் தடத்துக்கு உரிய வேகம், நம் சாலைக்கு அல்ல.) இந்த நான்கு எண்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது.

முதலில் பிடிப்பு. 100 வரை எஸ்.யூ.வி. எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் 15 சதவீதம்தான். எடை 23 சதவீதம் கூடியும் நேரம் ஏன் அந்த அளவுக்குக் கூடவில்லை? புறப்படும் நேரத்தில் என்ஜினின் விசை தேவைக்கு மேல் இருக்கிறது. டயர் சாலையைப் பிடித்துக்கொள்ளும் வலிமைதான் எல்லை. ஏற்றத்தில் ரயில் என்ஜினின் சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவோமே, அதே பிரச்சினைதான். எடை கூடினால் சக்கரம் தரையை அழுத்துவதும் கூடும், பிடிப்பும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே தொடக்கத்தில் எடையால் பெரிய நஷ்டம் இல்லை. எல்லாச் சக்கரமும் இழுப்பதால் வண்டியின் முழு எடையும் பிடிப்புக்குப் பயன்படுகிறது. பம்பாய் மின்ரயிலில் மோட்டார்களை ஒரே இடத்தில் வைக்காமல் பல பெட்டிகளில் பரப்பி வைத்திருப்பதும் இதற்காகத்தான். அதனால்தான் அது நிலையத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்கிறது.

அடுத்தது எடை. வேகம் ஏறிய பிறகு டயர் வழுக்குவதில்லை. என்ஜினின் ஆற்றல்தான் எல்லையாகிறது. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் என்பது பள்ளியில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதி. அதே விசையை அதிக நிறைக்குப் பங்கிட்டால் முடுக்கம் குறையத்தான் செய்யும்.

மூன்றாவது காற்று. 100-லிருந்து 200-ஐ எட்டும் நேரத்தை மட்டும் தனியே எடுங்கள். சலூனுக்கு 7.5 வினாடி, எஸ்.யூ.வி.க்கு 9.6 வினாடி. வித்தியாசம் 28 சதவீதம். எடை வித்தியாசத்தையே இது தாண்டிவிட்டது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எஸ்.யூ.வி. கால் மீட்டருக்கு மேல் உயரம் கூடியது, அகலமும் கூடியது. அந்த அகன்ற நெற்றியால் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

எடையின் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 2024-இல் வந்த புதிய எம்5, மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கலப்பின வண்டி. ஆற்றல் 727 குதிரைத்திறன். ஆனால் எடை 2,400 கிலோவுக்கு மேல். 100-ஐ எட்ட அதற்கு 3.5 வினாடி ஆகிறது. நூறு குதிரைகள் கூடியும் பழைய வண்டியை முந்த முடியவில்லை.

இந்தக் கோடி ரூபாய்க் கார்களின் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். கார் வாங்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறோம். பயணத்தில் ஐந்து பேர், பெட்டி படுக்கை, அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்து 400 கிலோ ஏறிவிடுகிறது. 1,100 கிலோ செடான், ஓட்டுநர் மட்டும் இருந்தால் 1,175, சுமையோடு 1,500. அதன் முடுக்கம் 22 சதவீதம் குறையும். 1,800 கிலோ எஸ்.யூ.வி.க்கு இதே சுமையால் 15 சதவீதம் குறையும்.

இருவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியின் பின்னால் அதே வேகத்தில் போகிறீர்கள். முன்னும் பின்னும் இடைவெளி விட்டு அதை முந்த, லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்தச் செடான் தனியாக இருக்கும்போது வினாடிக்கு 1.5 மீட்டர் வீதம் வேகம் கூட்டும் என்று கொண்டால் 7.3 வினாடி ஆகும். சுமையோடு ஏறக்குறைய 8.3 வினாடி. ஒரு வினாடிதானே என்று எண்ண வேண்டாம். எதிரே 80-இல் ஒரு பஸ் வந்தால், அந்த ஒரு வினாடிக்காக நமக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர் காலிச் சாலை கூடுதலாக வேண்டும். தனியாக ஓட்டிப் பழகிய கண், அந்த 40 மீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே கார் வாங்கும் முன், விற்பவரிடம் கேட்டு, வீட்டிலுள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே கார் உள்ளவர்கள், ஆர்.சி.யில் குறித்துள்ள சுமையில்லா எடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஓட்டுநரின் எடையை மட்டும் கூட்டுங்கள். பிறகு எல்லோரின் எடையையும் சாமான்களின் எடையையும் சேர்த்துத் தனியே கூட்டுங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால், உங்கள் வண்டியின் பாய்ச்சலில் எத்தனை பங்கு மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். ஊருக்குக் கிளம்பும் முன் அவர்களையே போடச் சொல்லுங்கள்.