சோழர் உடையில் சதய விழாவுக்கு: ஆரணியிலிருந்து கிளம்புமுன்

ஐப்பசி சதயம் இராஜராஜன் பிறந்த நட்சத்திரம். ஓதுவார்களின் தேவாரம், திருமுறை ஊர்வலம், பெருவுடையாருக்குப் பேரபிஷேகம், நாட்டியம் எனத் தஞ்சையே அன்று வேறு ஊராகிவிடும். ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் மகன் இராஜேந்திரனுக்கு விழா. ‘பொன்னியின் செல்வன்’ வந்தபின் இந்த விழாக்களுக்குச் சோழர் உடையில் போக ஆசைப்படுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆரணிக்காரர்கள் இதற்காக வாடகை உடைக்கடைக்குப் போக வேண்டியதில்லை. அந்த உடைக்கு வேண்டியது நெய்த துணிதான், தையல் அல்ல. துணிக்கு நம்மூரில் என்ன குறை?

செய்ய வேண்டியவை

சினிமாவை மறந்துவிட்டுச் சிலைகளைப் பாருங்கள். படத்துக்கு ஏகா லகானி வடிவமைத்த உடைகள் அழகுதான். ஆனால் அவை திரைக்காகச் செய்தவை. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உள்ள சோழர் செப்புத் திருமேனிகளின் முன் அரைமணி நேரம் நின்றால் போதும், உடுத்தும் முறை பிடிபட்டுவிடும். காலோடு ஒட்டிய ஒற்றைத் துணி, இடுப்பில் இறுக்கிய பட்டை, பக்கவாட்டில் தொங்கும் முடிச்சு. பல உருவங்களில் ஆணின் ஆடை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். ஆடம்பரம் முழுவதும் நகையில்தான். பெரிய கோயில் கருவறைச் சுற்றில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அந்தப் பகுதிக்குள் எல்லோரையும் விடமாட்டார்கள். அச்சில் வந்த படங்களைத் தேடிப் பிடியுங்கள், ஆடற்பெண்களின் இடையாடையைக் கவனியுங்கள்.

தறிக்காரரிடம் சில மாதம் முன்பே சொல்லிவையுங்கள். ஏறியிருக்கும் பாவு இறங்கினால்தான் உங்களுக்கு வேறு பாவு ஏற்ற முடியும், அதுவும் ஒரே ஒரு துணிக்காகப் பாவு போடுவது அவருக்குக் கட்டுப்படியாகாது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நிறத்தில் கேட்டால் காரியம் சுலபம். ஆரணிப் பட்டு எடை குறைவு என்று பெயர் வாங்கியது, இடுப்பில் மடித்துச் சுற்ற அதுவே வசதி.

வேலைப்பாட்டில் கை அடக்கம் வேண்டும். கோடு, பட்டை, சிறு பூ, அவ்வளவுதான். உடம்பெல்லாம் யானையும் மயிலும் ஓடுவது ஜக்கார்டு பெட்டியின் உபயம். பிரான்சில் அது பிறந்ததே 1804 வாக்கில்.

நிறம் சொல்லும்போதும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கும் வயலட்டும் ராமர் பச்சையும் செயற்கைச் சாயத்தின் பிள்ளைகள், அந்தச் சாயம் வந்ததே 1856க்குப் பிறகு. மஞ்சிட்டிச் சிவப்பு, அவுரி நீலம், மஞ்சள், சாயமிடாத சந்தன வெள்ளை ஆகியவற்றில் ஒன்றைக் கேளுங்கள். இயற்கைச் சாயம் கிடைக்காவிட்டால் அந்தச் சாயலாவது இருக்கட்டும்.

பட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சோழநாட்டில் பெரும்பாலோர் உடுத்தியது பருத்தி. படைவீரனாகவோ ஓதுவாராகவோ போகிறவருக்குக் கைத்தறிப் பருத்தி வேட்டியே பொருத்தம்.

உடுத்திப் பழக ஒத்திகை பாருங்கள். அதற்கு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது, போளூர் பக்கத்துத் திருமலை. இராஜராஜனின் அக்கா பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயமும், இராஜேந்திரனின் படையெடுப்புகளைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான் உள்ளன. படியேறி இறங்கியும் முடிச்சு நழுவவில்லை என்றால் தஞ்சைக் கூட்டத்திலும் நழுவாது.

செய்யக்கூடாதவை

வெல்வெட் அங்கி, தகர மார்க்கவசம், தோளில் சிவப்புப் போர்வை: இது நாடக சபா ராஜா. சோழன் அல்ல.

பெரிய கோயில் நந்தி மண்டபத்தின் விதானத்தைப் பார்த்து உடை தைக்காதீர்கள். நந்தியும் மண்டபமும் பிற்காலத்தவை. கோயில் 1010இல் நிறைவடைந்தது என்பதால் அதற்குள் இருப்பதெல்லாம் சோழர் காலம் ஆகிவிடாது.

பெண்கள் வரலாற்றுத் துல்லியத்துக்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. சிலைகளில் ரவிக்கை கிடையாது, சிலவற்றில் கச்சு மட்டும் உண்டு. நீங்கள் போவது வழிபாடு நடக்கும் கோயில். துணியின் நிறத்திலேயே வேலைப்பாடில்லாத ரவிக்கை போட்டுக்கொண்டால் எவரும் குறை சொல்லப் போவதில்லை. சொல்கிறவரை அப்படி உடுத்தி வரச் சொல்லுங்கள்.

வாள் வேண்டவே வேண்டாம். கூர் தீட்டியது என்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறுக்கே வரும். அட்டை வாள் என்றாலும் நெரிசலில் பிறர் கண்ணைக் குத்தும், காவலர் வாசலிலேயே வாங்கி வைத்துவிடலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் டிரோன், பெரிய முக்காலி ஆகியவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும்.

உடையோடு சாதிக் கொடியைக் கொண்டுபோகாதீர்கள். இராஜராஜன் எங்கள் குலத்தவர் என்று உரிமை கொண்டாடுவோர் பல தரப்பில் இருக்கிறார்கள். வேடம் போட்டவர் அந்தச் சண்டையில் சிக்கினால் நெய்தவரின் உழைப்பு கண்ணில் படாது.

தறிக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். விலை மலிவென்று வேறு இடம் தேடிப் போனால் விசைத்தறித் துணியைக் கைத்தறி எனத் தலையில் கட்டுவார்கள். சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தும் இந்தக் கலப்படம் ஓயவில்லை. கைத்தறி முத்திரையைப் பாருங்கள். பட்டுதானா என்று ஐயம் வந்தால் ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையோடு பொடிந்தால் பட்டு, உருகி உருண்டையானால் பாலியெஸ்டர்.

ஐப்பசி என்றால் அடைமழை. நனைந்த பட்டைப் பிழியாதீர்கள், சுருட்டிப் பைக்குள் திணிக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். விடுதி அறையிலேயே விரித்துக் காற்றாட விடுங்கள். ஊர் திரும்பியதும் ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகைமேல் படவே கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடிப்போரத்திலேயே துணி விட்டுவிடும்.