‘ஹேவ்’ வந்தால் ‘யெஸ்டர்டே’ வேண்டாம்

‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். அதையே ஆங்கில மெயிலில் ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே’ என்று எழுதினால் பிழை. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ சென்ட் இட்’ போதும். நேரம் சொல்லாமல், அனுப்பியாயிற்று என்று மட்டும் தெரிவிக்கத்தான் ‘ஐ ஹேவ் சென்ட் இட்’.

வேலைக்கான விண்ணப்பங்களில் நான் அடிக்கடி திருத்துவது இன்னொன்று: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’. ‘2019லிருந்து வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் வருவது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று மாற்றுங்கள். தொடங்கிய ஆண்டுக்கு சின்ஸ். ‘ஆறு வருடமாக’ என்றால் ஃபார்.

அனுப்பும் முன் ‘ஹேவ்’ உள்ள வரிகளை மட்டுமாவது மறுபடி படியுங்கள். சின்ஸ் இல்லாமல் முடிந்துபோன தேதி ஒட்டிக்கொண்டிருந்தால் ‘ஹேவ்’வை எடுத்துவிட்டு வினைச்சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள்.