எஞ்சினின் வெப்பக் காவலன்: தெர்மோஸ்டாட்டைக் கண்டறிதலும் மாற்றுதலும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் சங்கக் குடும்பங்களில் பல காரில் ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. தேனி, மதுரைப் பக்கத்தார் மூணாறு ஏறிப் போடிமெட்டு இறங்குகிறார்கள். கோவைப் பக்கத்தார் வாளையாறு வழியாகவும், நெல்லைப் பக்கத்தார் ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கும் போகிறார்கள். இந்த வழிகளில் போனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆவி பறக்க, ஓரமாக நிற்கும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே குழந்தைகளும் வயதானவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நின்றுபோவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகச் சிறிய, மிக மலிவான ஒரு பொருளைப் பற்றியே இக்கட்டுரை. அதன் பெயர் தெர்மோஸ்டாட். தமிழில் அதை 'வெப்பக் காவலன்' என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

மட்டாஞ்சேரியிலும் பிறகு வைப்பினிலுமாக இருபத்தெட்டு ஆண்டுகள் வண்டி வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எளிய முறையில் எழுத முயல்கிறேன். காரைத் தொட்டே பார்க்காதவர்களும் இதைப் படித்தால், ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

தெர்மோஸ்டாட் செய்யும் வேலை என்ன?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு, முன்னால் உள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே.

ஆனால் எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாகவே இருப்பதும் நல்லதன்று. இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதானே இட்லி ஒழுங்காக வேகும்? அதுபோல் எஞ்சினுக்கும் ஒரு பதமான சூடு உண்டு. நீரின் வெப்பநிலை 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் எண்ணெய் சரியான இளக்கத்தில் ஓடும். பெட்ரோல் நன்றாக ஆவியாகி எரியும். உலோகப் பகுதிகள் உரிய அளவுக்கு விரிந்து ஒன்றோடொன்று பொருந்தும்.

காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். குறித்த வெப்பம் வந்ததும் தெர்மோஸ்டாட் மெல்லத் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். சூடு குறைந்தால் சற்று மூடிக்கொள்ளும். வண்டி ஓடும் நேரம் முழுவதும் இது கூடியும் குறைந்தும் திறந்தவண்ணம் இருக்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை, ஆளும் தேவையில்லை.

மெழுகின் சக்தி

இந்த வேலையைச் செய்வது சாதாரண மெழுகு என்றால் வியப்பாக இருக்கும். தெர்மோஸ்டாட்டின் நடுவே ஒரு சிறு உலோகக் குப்பி இருக்கிறது. அதனுள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். மெழுகு உருகும்போது அதன் கன அளவு பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுகிறது. வீட்டில் மெழுகுவர்த்தி வார்த்துப் பார்த்தவர்கள் இதன் மறுபக்கத்தைக் கவனித்திருப்பார்கள். அச்சில் ஊற்றிய மெழுகு ஆறியதும் நடுவில் குழி விழும்; உறையும்போது சுருங்குவதே காரணம். குப்பிக்குள் உருகி விரியும் மெழுகுக்கு வேறு போக்கிடம் இல்லை. அது ஒரு தண்டைப் பலமாகத் தள்ள, வால்வு திறக்கிறது. ஆறும்போது மெழுகு சுருங்க, சுருள் வில் வால்வை மூடிவிடுகிறது.

எந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கும் என்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். 82 என்றும் 88 என்றும் காணலாம். 82 என்று இருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியை ஒட்டி முழுவதும் திறந்துவிடும்.

'நம் நாட்டுச் சூட்டுக்கு இது எதற்கு?'

இது ஒர்க்‌ஷாப்புகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. வண்டி சூடேறுகிறது என்று போனால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, 'குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் இது வேண்டும்' என்று அனுப்பிவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

கொச்சியில் வெளிக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கு வேண்டிய சூடோ 80-க்கு மேல். இடையில் 50 டிகிரி இடைவெளி இருக்கிறது. காலையில் கோஸ்ரீ பாலத்தில் கடற்காற்று எதிரே வீச வண்டி ஓடும்போது, தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் அந்த இடைவெளியைக் கடக்கவே திணறும். நம் ஊர் வெயில் நமக்குச் சூடு. எஞ்சினுக்கு அது குளிர்ச்சிதான்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். இக்காலத்து வண்டிகளில் ஒரு சென்சார் நீரின் வெப்பத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. 'எஞ்சின் இன்னும் சூடாகவில்லை' என்று செய்தி போனால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி எஞ்சின் எண்ணெயில் கலந்து, போதிய சூடின்றி அங்கேயே தங்கி, எண்ணெய் சேறுபோல் ஆகும். சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல்வழி திறக்கும்போது அது குறுக்குவழியை அடைக்கும். அத்தகைய எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், வெந்நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றிவரும். சூட்டைக் குறைக்க எண்ணிச் செய்த வேலை, மலை ஏற்றத்தில் சூட்டைக் கூட்டிவிடும்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், முறுக்கும் மிக்சரும் வீட்டில் செய்து வைப்பின் முழுவதும் கடைகளுக்குப் போடுபவர். பழைய மாருதி ஆம்னி ஒன்றை வாங்கியிருந்தார். சில மாதங்களாகப் பெட்ரோல் செலவு கையைக் கடிக்கிறது, மாதக் கடைசியில் மகளின் டியூஷன் பணத்துக்கே இழுபறியாக இருக்கிறது என்று வருத்தப்பட்டார். பிளக், ஃபில்டர் எல்லாம் புதிது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வெப்பமானியின் முள் மட்டும் அடியிலேயே கிடந்தது. ஆம்னியில் முன் இருக்கைகளுக்கு அடியில்தான் எஞ்சின். இருக்கையைத் தூக்கி, தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினோம்.

"அண்ணாச்சி, உள்ளே ஒன்றுமே இல்லையே!" என்றார்.

"அதுதான் தம்பி உங்கள் பெட்ரோலைக் குடிக்கிறது" என்றேன்.

முன்பு வைத்திருந்தவர் காலத்தில் யாரோ எடுத்தது. யார் என்று தேடிப் பயனில்லை. சில நூறு ரூபாயில் புதிது வாங்கிப் போட்டோம். முள் நடுவில் வந்து நின்றது. இரண்டு மாதத்தில் பெட்ரோல் கணக்கும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று தம் கணக்கு நோட்டையே கொண்டுவந்து காட்டினார்.

பழுதை அறிவது எப்படி?

தெர்மோஸ்டாட் இரண்டு விதமாகப் பழுதாகும்.

முதலாவது, திறந்தபடியே நின்றுவிடுதல். முள் மேலே ஏறாது, மைலேஜ் குறையும். புதிய வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் பி0128 என்ற குறி வரலாம். நீர் உரிய சூட்டை எட்டவில்லை என்பது அதன் பொருள்.

இரண்டாவது, மூடியபடியே நின்றுவிடுதல். இதுவே ஆபத்தானது. சில நிமிடங்களில் முள் சிவப்புக்குப் போய்விடும். எஞ்சின் கொதிக்கும், ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதைச் சரிசெய்யப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். முள் சிவப்பைத் தொட்டால் எஞ்சினை நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்வதற்கு முன், நீர் அளவு, ஒழுகல், மின்விசிறி, பெல்ட் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஹோஸைத் தொட்டுப் பார்க்கும்போது விசிறியருகே கை போகக் கூடாது. மின்விசிறி திடீரென்று சுழலத் தொடங்கும்.

எங்கே இருக்கிறது?

ரேடியேட்டரின் மேற்புறத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸைக் கையால் தொடர்ந்து செல்லுங்கள். அது எஞ்சினில் முடியும் இடத்தில் இரண்டு அல்லது மூன்று போல்ட் உள்ள ஒரு மூடி இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் அதனுள்தான். 1983 முதல் 2014 வரை வெளிவந்த மாருதி 800-லும் இப்படித்தான். சில வண்டிகளில் கீழ் ஹோஸ் முடியும் இடத்தில் இருக்கும்.

மாற்றும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும்; இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

2. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து, நீரை ஒரு பேசினில் பிடியுங்கள். மூடியின் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும்.

3. ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை முறுக்கி எடுங்கள். பிறகு போல்ட்டுகள். நம் தீவில் உப்புக் காற்றால் போல்ட்டுகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். துரு எடுக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பலவந்தம் செய்தால் அலுமினியத்துக்குள்ளேயே முறிந்துவிடும்.

4. பழையதை எடுக்கும் முன், எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் உள்ளே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சுருள் வில்லும் குப்பியும் எஞ்சின் பக்கம் இருக்கும். காற்று வெளியேறச் சிறு துளையும் ஆடும் ஊசியும் இருந்தால் அது மேற்புறம் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது.

5. துளையில் ஒரு துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுங்கள். முகப்பில் கீறல் விழக் கூடாது. முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

6. புதியதைச் சோதியுங்கள். சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் வால்வை விரலால் சற்றுத் திறந்து, நூலின் நுனியை அதில் சிக்கவைத்து, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். வெப்பமானியோடு மெல்லச் சூடேற்றுங்கள். வால்வு திறந்ததும் நூல் நழுவி அது விழும். பொறித்த எண்ணை ஒட்டி விழுந்தால் பொருள் நல்லது. பிள்ளைகளை அருகில் வைத்துக் காட்டுங்கள். பள்ளியில் படிக்கும் 'வெப்பத்தால் விரிதல்' என்ற பாடம் கண்ணெதிரே நடக்கும்.

7. புதிய கேஸ்கெட் வைத்து, மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஹோஸையும் கிளிப்பையும் மாட்டி, பிளக்கை மூடி, பேட்டரி வயரை இணையுங்கள்.

8. கூலன்ட் நிரப்புங்கள். பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் மூக்குச் சற்று உயர்ந்திருப்பது நல்லது. வைப்பினில் மேடு ஏது? முன் சக்கரங்களைக் கனமான பலகைகளின் மேல் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் மூடியைப் போடாமல், ஆறிய எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓடவிடுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல் ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அறியலாம். நிரப்பி மூடியை இறுக்குங்கள். விசிறி ஓடி நிற்கும் வரை முள்ளைக் கவனியுங்கள். மறுநாள் காலை, ஆறிய நிலையில், மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

நம் தீவுக்கு மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். இங்குள்ள நீரின் உப்பைப் பற்றி நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். அதே உப்பு எஞ்சினுக்குள் படிந்து, துருவோடு சேர்ந்து, தெர்மோஸ்டாட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டரும் வண்டிக் கையேட்டில் சொன்ன கூலன்ட்டும் மட்டுமே ஏற்றவை.

இரண்டு, வடித்த கூலன்ட்டைத் தரையில் கொட்டாதீர்கள். அது நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். குழந்தைகளும் நாய் பூனைகளும் வாய் வைத்துவிடலாம். இங்கே கொஞ்சம் தோண்டினாலே நீர் வரும் மண் என்பதால் கிணற்றுக்கும் போய்ச் சேரும். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

மூன்று, 2018 முதல் ஓடும் ரோ-ரோவுக்காக வரிசையில் நெடுநேரம் நிற்க நேரும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். நிற்கும் வண்டிக்கு விசிறிக் காற்றைத் தவிர வேறு காற்று இல்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் டயரையும் பிரேக்கையும் பார்ப்பது போல், வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு வாரம் கவனித்து வாருங்கள். நடுவில் நிலையாக நின்றால் காவலன் விழித்திருக்கிறான் என்று பொருள். அடியிலேயே கிடந்தாலோ மேலே ஓடினாலோ, பயணத்துக்கு முன்பே ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் 'எடுத்துவிடலாம்' என்றால், 'வேண்டாம், மாற்றிக் கொடுங்கள். பழையதைக் கையில் தாருங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். ஐயம் உள்ளவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வரும்போது வண்டியையும் கொண்டுவாருங்கள்; சேர்ந்து பார்ப்போம்.