வீட்டில் உயிர்வாயு: மறுபரிசோதனைக்கு ஏன் வரவேண்டும்?

"இயந்திரம் நன்றாகத்தானே ஓடுகிறது, மறுபடியும் எதற்கு மருத்துவமனை?" என்று கேட்பவர்கள் உண்டு. உயிர்வாயுவும் ஒரு மருந்துதான். இரத்த அழுத்த மாத்திரையைப் போலவே இதற்கும் அளவு உண்டு. உடல்நிலை மாறினால் அளவும் மாறும்.

நுரையீரல் தொற்றுக்குச் சிகிச்சை பெற்று, உயிர்வாயுவுடன் வீடு திரும்பியவர்களை நுரையீரல் நிபுணர் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் பரிசோதிப்பார். நுரையீரல் தேறியிருந்தால், உயிர்வாயு இனித் தேவைப்படாமலும் போகலாம்.

அன்று மணிக்கட்டிலுள்ள தமனியிலிருந்து இரத்தம் எடுப்பார்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனையைவிடச் சற்றுக் கூடுதலாக வலிக்கும். விரலில் மாட்டும் கருவி போதாதா? போதாது. கருமையான தோலில் அது உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும். நகப்பூச்சும் குளிர்ந்த கையும்கூட அதை ஏமாற்றும். உடலில் கரியமில வாயு தேங்கியிருக்கிறதா என்பதையும் அந்தக் கருவி சொல்லாது. சிலரை 6 நிமிடம் நடக்கச் சொல்லியும் பார்ப்பார்கள்.

மூச்சு வாங்கும்போது இயந்திரத்தின் அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு உயிர்வாயு மிகுந்தால் கரியமில வாயு தேங்கக்கூடும். காலையில் தலைவலி, பகலில் வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். பேச்சில் குழப்பமோ, எழுப்ப முடியாத மயக்கமோ, கடுமையான மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 995-ஐ அழைக்கவேண்டும்.

நிபுணரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீண்டகால உயிர்வாயுச் சிகிச்சையில் இருப்போர், தூங்கும் நேரத்தையும் சேர்த்து, நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் அதைப் பயன்படுத்தவேண்டும். குழாய் மூக்கை உறுத்துகிறது, இயந்திரச் சத்தத்தில் பேரப்பிள்ளைகள் தூங்குவதில்லை என்று எட்டு மணி நேரத்தோடு நிறுத்தியிருந்தால், அதையே சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மறைத்தால், கொடுத்த அளவு போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டிவிடக்கூடும். மூக்கு வறண்டால் என்ன தடவலாம் என்றும் கேளுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை வேண்டாம்.

பூசை இடத்தைப் பற்றியும் தாதியிடம் பேசுங்கள். விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, சமையல் அடுப்பு எதுவானாலும் உயிர்வாயுவிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். வீவக வீட்டில் அவ்வளவு இடம் கிடைப்பது எளிதல்ல. மின்விளக்கு ஏற்றிக் கும்பிடலாம். வீட்டில் யாருமே புகைபிடிக்கக் கூடாது.

வரும்போது எல்லா மருந்துகளையும் உறிஞ்சு மருந்தையும் கொண்டுவாருங்கள். கையடக்க உயிர்வாயு, காத்திருக்கும் நேரத்துக்கும் வீடு திரும்புவதற்கும் போதுமா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.