டொலர் கடன்: வியாபாரிக்கு ஒரு பாடம்

பட்டப்பின் படிப்பில் சர்வதேச நிதி முகாமைத்துவம் கற்றபோது நான் படித்த முக்கிய பாடம் நாணயமாற்று இடர். அது பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரியதல்ல; பிலிமத்தலாவைப் பித்தளைக் கடைக்கும் உரியது. செம்பு, துத்தநாகத்தின் உலக விலை டொலரில்தானே பேசப்படுகிறது!

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே நடுப்பகுதியில் சுமார் 360. அந்த மார்ச்சில் 10,000 டொலர் சரக்கைக் கடனுக்கு எடுத்து, 20 இலட்சம் எனக் கணக்கிட்டு விற்றவர், மே மாதம் 36 இலட்சம் கட்ட வேண்டும். இலாபத்தோடு முதலும் போய்விடும்.

பின்னர் வாங்கும் டொலருக்கு இன்றே விலை பேசும் 'ஃபோவர்ட்' ஒப்பந்தம் வங்கிகளில் உண்டு. ஆனால் நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை முடிய வேண்டும் என்பது ஷரீஆ விதி. எனவே இஸ்லாமிய வங்கித்துறையில் ஒருதலை வாக்குறுதி (வஅத்) கையாளப்படுகிறது. உலமாக்களிடம் விளக்கம் கேளுங்கள்.

அதற்கு முன், கடன் தவணையைச் சுருக்குங்கள். வாங்கிய விலையை அல்ல, மறுபடி வாங்கப்போகும் விலையைப் பார்த்து விற்பனை விலை வையுங்கள். முதல் தப்பும், இன்ஷா அல்லாஹ்.