கூரையும் மூச்சு விடட்டும்

ஓட்டு வீட்டுக் கூரையில் முதலில் கெடுவது ஓடா, மரமா? 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை செய்யத் தொடங்கிய சுட்ட மண் ஓடு நெடுங்காலம் உழைக்கும். அதைச் சுமக்கும் மரமே முதலில் கெடுகிறது.

எலிக்கும் தூசிக்கும் அஞ்சி, அட்டாலியின் காற்று வழிகளை நாம் அடைத்துவிடுகிறோம். சமையல் ஆவியும் மழை ஈரமும் உள்ளேயே தங்குகின்றன. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டி நீடித்தால், பூஞ்சை பற்றிக் கைமரம் மக்கிப்போகும்.

நாமக்கல் கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். பல கொட்டகைகளின் உச்சியில் திறப்பு உண்டு. சூடான காற்று அவ்வழியே வெளியேற, பக்கங்களிலிருந்து புதுக்காற்று நுழைகிறது. நம் வீட்டிலும் இறவாரத்தில் ஒரு வழி, முக்கோணச் சுவரின் உச்சியில் ஒரு வழி விட்டுக் கம்பி வலை அடிப்போம். கோழிக்குக் காட்டும் அக்கறையை, நாம் உறங்கும் வீட்டுக்கும் காட்டுவோம்!